உலகைச் சுற்ற ஒரே டிக்கெட்டா, துண்டு டிக்கெட்டா? திருவனந்தபுரத்தில் ஏறுகிறவர்களுக்கு ஒரு கணக்கு

இந்த வருடம் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். முதலில், தக்கலையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். "போறதுதான் போறோம், வந்த வழியே திரும்பாம ஜப்பான் வழியா உலகத்தைச் சுத்தி வந்திட்டா என்ன?" என்றார். அடுத்தது குளச்சல்காரத் தம்பி, கப்பலில் இன்ஜினீயர். "அண்ணே, வருஷத்துக்கு நாலு தடவை ஃப்ளைட் ஏறுறேன். லவுஞ்சுக்குள்ள மட்டும் விடமாட்டேங்கான்" என்பது அவன் குறை. மூன்றாவது, மார்த்தாண்டத்தில் புதிதாகக் கல்யாணமான ஜோடி. கையில் 25 நாள் லீவு, கொஞ்சம் சேமிப்பு, அதோடு உலகம் சுற்றினால் கோல்டு கார்டு கிடைக்கும் என்று எங்கோ பார்த்த ஒரு வீடியோ.

நான் டிராவல் ஏஜென்ட் இல்லை. குடும்பத்தில் யாருக்கு டிக்கெட் போட வேண்டுமென்றாலும் அந்த வேலை என் தலையில் விழும். அப்படி வந்த பழக்கம்தான். மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். ஜோடிக்கு வருத்தமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடலாம்: எகானமியில் ஒரே ஒரு முறை உலகம் சுற்றினால், லவுஞ்சுக்குள் (ஏர்போர்ட்டில் இருக்கும் சொகுசுக் காத்திருப்பு அறை) விடுகிற கார்டு வராது. ஏன் என்று கீழே கணக்கோடு வருகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நான் பார்ப்பது ஐந்து விஷயம். நம் ஊருக்குப் பக்கத்து ஏர்போர்ட்டிலேயே ஏறி இறங்க முடிகிறதா என்பது ஒன்று. எத்தனை விசா வேண்டும், எந்த வரிசையில் வேண்டும் என்பது அடுத்தது. பயணத்தின் நடுவே தேதியை மாற்ற முடியுமா? ஒரு விமானம் தவறினால் அடுத்ததற்கு யார் பொறுப்பு? கடைசியாக, மைலும் ஸ்டேட்டஸும், அதாவது பறப்பதற்கு விமான நிறுவனம் தரும் புள்ளிகளும் அதனால் வரும் கார்டு அந்தஸ்தும்.

ஸ்டேட்டஸைக் கடைசியில் வைத்ததில் அர்த்தம் இருக்கிறது. முதல் தடவை போகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்கிறார்கள்.

முதல் விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட் சுமார் 70 கிலோமீட்டர்தான். ஆனால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு சந்திப்பாக ஊர்ந்து போகும் சாலையில் அந்த 70 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் வைப்பதே என் வழக்கம். தமிழ்நாட்டு டாக்ஸி என்றால் கேரளத்துக்கான பெர்மிட் செலவு தனி. இதையெல்லாம் தாண்டியும் சென்னைக்கோ கொச்சிக்கோ போய் ஏறுவதைவிட இது லாபம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆராட்டு ஊர்வலங்கள் ரன்வே வழியாகத்தான் கடலுக்குப் போகும். வருடத்தில் அந்த இரண்டு நாளும் சில மணி நேரம் விமானங்கள் நிற்கும். டிக்கெட் போடும்முன் பஞ்சாங்கத்தைப் புரட்டவேண்டிய ஏர்போர்ட் நம்முடையது.

## ஒரே டிக்கெட்: ஒன்வேர்ல்ட்

ஒன்வேர்ல்ட், ஸ்டார் அலையன்ஸ் போன்ற விமான நிறுவனக் கூட்டணிகள் 'ரவுண்ட் தி வேர்ல்ட்' என்று ஒரே டிக்கெட்டாக விற்கின்றன. விதிகள் பெரும்பாலும் பொதுவானவை. ஒரு நாட்டில் தொடங்கி அதே நாட்டில் முடிக்கவேண்டும். கிழக்கோ மேற்கோ, ஒரே திசையில் போகவேண்டும். அட்லாண்டிக், பசிபிக் இரண்டையும் ஒவ்வொரு முறை கடக்கவேண்டும். அதிகபட்சம் ஒரு வருடம், 16 விமானங்கள்.

ஒன்வேர்ல்டின் 'எக்ஸ்ப்ளோரர்' டிக்கெட்டுக்கு விலை கண்டங்களின் எண்ணிக்கையை வைத்து. மூன்று கண்டம் என்றால் ஒரு விலை, நான்கு என்றால் கூடுதல். மைல் கணக்கு கிடையாது. நம் ஊர்க்காரர்களுக்கு இது பொருந்திவருவதற்குக் காரணம், திருவனந்தபுரத்துக்கு வரும் கத்தார் ஏர்வேஸ், ஸ்ரீலங்கன், மலேசியா ஏர்லைன்ஸ் மூன்றும் இந்தக் கூட்டணியில் இருப்பதுதான். ஓமன் ஏரும் 2025இல் சேர்ந்துவிட்டது. டீச்சருக்கு நான் போட்டுக் கொடுத்த வழி இது:

திருவனந்தபுரம் – தோஹா – லண்டன் – நியூயார்க் – லாஸ் ஏஞ்சலஸ் – டோக்கியோ – கோலாலம்பூர் – திருவனந்தபுரம்.

மொத்தம் ஏழு விமானங்கள், சுமார் 21,750 மைல், அதாவது 35,000 கிலோமீட்டரை ஒட்டி. பூமத்திய ரேகையின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். வட பாதியிலேயே சுற்றுவதால் நம் வட்டம் சிறியது. ஒன்வேர்ல்டின் பூகோளத்தில் தோஹா ஐரோப்பாவோடு சேர்த்தி. ஆகவே ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா என்று மூன்றே கண்டம், அதாவது இருப்பதில் குறைந்த படி. தொடங்குகிற கண்டத்தில் இரண்டு இடங்களில்தான் தங்க அனுமதி. டோக்கியோவும் கோலாலம்பூரும் அதற்குச் சரியாகப் போய்விடுகின்றன.

தேதியை மாற்றுவது சுலபம், ஊரை மாற்றினால் கட்டணம். ஒரு ஊரில் இறங்கி வேறு ஊரில் ஏறினால், நடுவே ரயிலில் போன தூரமும் 16இல் ஒன்றாக எண்ணப்படும். நடுவில் ஒரு விமானத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டால் மீதி டிக்கெட் முழுவதும் ரத்தாகிவிடும். "நியூயார்க்கிலிருந்து மருமகன் காரிலேயே கொண்டு விடுவான்" என்று நினைப்பவர்கள் அதை முன்பே டிக்கெட்டில் சொல்லிவிடவேண்டும்.

மறைந்திருக்கும் செலவு வரிகளில் இருக்கிறது. விலை காட்டும்போது அடிப்படைக் கட்டணத்தைப் பார்த்து மயங்கக்கூடாது. லண்டனில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கி நியூயார்க் கிளம்பினால், பிரிட்டனின் பயணி வரி எகானமியிலேயே தலைக்கு நூறு பவுண்டை ஒட்டி வரும். 24 மணி நேரத்துக்குள் மாறிவிட்டால் இல்லை. ஐரோப்பாவில் வேறு ஊரில் தங்க மனமிருந்தால் அந்தப் பணம் மிச்சம்.

இன்னொன்று, டிக்கெட் விலை தொடங்கும் நாட்டைப் பொறுத்து மாறும். அதே வட்டத்தைக் கொழும்பிலிருந்து தொடங்கினால் என்ன விலை என்று ஒருமுறை போட்டுப்பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். கொழும்புக்குத் தனி டிக்கெட், ஒரு இரவு ஹோட்டல், திரும்பி வரும்போது மறுபடியும் அதே செலவு என்று கூட்டினால் இரண்டு பேருக்குக் கணிசமாக வந்துவிடும்.

## ஒரே டிக்கெட்: ஸ்டார் அலையன்ஸ்

உலகத்தில் பெரிய கூட்டணி இதுதான். ஏர் இந்தியா 2014 முதல் இதில் இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, டர்க்கிஷ், யுனைடெட், ஏஎன்ஏ எல்லாம் உண்டு. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று அகலமாகச் சுற்ற நினைப்பவர்களுக்கு இதில் வழிகள் அதிகம்.

நமக்குப் பிரச்சினை தொடக்கத்திலேயே வருகிறது. திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்கோ மும்பைக்கோ ஏர் இந்தியாவில் போய்த்தான் வெளிநாட்டு விமானம் பிடிக்கவேண்டும். டெல்லி ஏறக்குறைய 1,400 மைல். வயதானவர்களுக்கு நாகர்கோவில் – திருவனந்தபுரம் – டெல்லி என்பதே ஒரு நாள் வேலை. இந்த டிக்கெட்டின் விலையும் மொத்த மைலை வைத்து. 29,000, 34,000, 39,000 என்பவை நெடுங்காலமாக இருந்துவரும் படிகள். டீச்சரின் வட்டம், டெல்லியைச் சேர்த்தும், 29,000ஐத் தொடவில்லை. ஓட்டாத மைலுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

இங்கே நம் மாவட்டத்தில் பலரும் விழுகிற ஒரு குழி இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் வேறு, ஏர் இந்தியா வேறு. எக்ஸ்பிரஸ் ஸ்டார் அலையன்ஸில் இல்லை. சிங்கப்பூருக்குப் போகும் ஸ்கூட்டும் அப்படித்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம், ஆனால் கூட்டணிக்காரன் இல்லை. துபாய், அபுதாபி போகிறவர்கள் நம்பியிருக்கும் எமிரேட்ஸ், எத்திஹாத் இரண்டும் எந்தக் கூட்டணியிலும் இல்லை. பத்து வருடம் துபாய் போய்வந்து சேர்த்த மைல் இந்த வட்டத்தில் செல்லாக்காசு.

## துண்டு டிக்கெட்

ஒவ்வொரு கட்டத்துக்கும் மலிவான விமானமாகப் பார்த்துத் தனித்தனியாக வாங்குவது. மார்த்தாண்டம் ஜோடிக்கு முதலில் தோன்றியது இதுதான். திரையில் பார்க்கும்போது இதுதான் மலிவு. பல சமயம் உண்மையிலேயே மலிவும்கூட. நான்கே இடம், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு நாள், கையில் ஒரு பை என்றால் யோசிக்காமல் இதை எடுக்கலாம்.

ஆனால் பெட்டி இருந்தால் கணக்கு மாறும். மலிவு விமானங்களில் பேக்கேஜ் தனிக் காசு; ஏழு விமானத்துக்கு ஏழு முறை. அடுத்து, தனித்தனி டிக்கெட் என்றால் இடையில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்யவேண்டிவரும். அதற்கு இமிகிரேஷன் தாண்டி வெளியே வரவேண்டும், அதாவது அந்த நாட்டு விசா வேண்டும். சும்மா மாறிப்போகிற ஊர்தானே என்று சிங்கப்பூரை நடுவில் வைத்தவர் ஒருவர் விசா இல்லாததால் கவுண்டரிலேயே நின்றதை நேரில் பார்த்திருக்கிறேன்.

முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பில்லை என்பது இன்னொன்று. எனக்கே நடந்தது. ஒரு நிறுவனத்தில் இறங்கி இன்னொன்றில் ஏற நான்கு மணி நேரம் விட்டிருந்தேன். முதல் விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். இரண்டாவது நிறுவனத்தின் கவுண்டரில் இருந்த பெண் மிகுந்த மரியாதையோடு புது டிக்கெட்டின் விலையைச் சொன்னாள். அன்று போன பணத்தில் மலிவு டிக்கெட்டின் மலிவெல்லாம் கரைந்தது. இப்போதெல்லாம் துண்டு டிக்கெட் என்றால் நடுவில் ஒரு இரவு விட்டே போடுகிறேன். அந்த இரவின் ஹோட்டலையும் டிக்கெட் விலையில் சேர்த்துத்தான் ஒப்பிடவேண்டும்.

வெளிநாட்டுப் பணத்தில் ஏழு முறை கார்டு தேய்த்தால் பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணமாகப் போகும். இது சின்னது போலத் தெரியும்.

## முழு வட்டம் தேவையா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மகளைப் பார்ப்பதுதான் முக்கியம், ஜப்பான் ஒரு ஆசை என்றால், ஒரே முன்பதிவில் நியூயார்க் போய், திரும்பும்போது டோக்கியோவில் நான்கு நாள் நின்று வரும் மல்டி-சிட்டி டிக்கெட்டையும் விலை பார்க்கலாம். வட்டத்தின் கட்டுப்பாடுகள் இதற்கு இல்லை. மூன்று இடத்துக்குக் குறைவாகத் தங்குகிறவர்களுக்கு உலகம் சுற்றும் டிக்கெட் லாபமாக வருவது அபூர்வம் என்பதே என் அனுபவம்.

## விசா என்னும் நிஜமான தடை

இந்திய பாஸ்போர்ட்டோடு சுற்றும்போது டிக்கெட்டைவிட இதுதான் தலைவலி. அமெரிக்காவில் வெறுமனே விமானம் மாறக்கூட விசா வேண்டும். விண்ணப்பக் கட்டணமே 185 டாலர். நேர்காணலுக்குச் சென்னை போகவேண்டும், கைரேகைக்கும் தனி அப்பாயின்ட்மென்ட். தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். நாகர்கோவில் – சென்னை வந்தே பாரத் 2024இல் வந்தபின் பயணம் பரவாயில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கு ரயிலும் தங்கும் இடமும் சேர்த்துச் செலவுதான். பிரிட்டன் விசா தனி, ஐரோப்பாவுக்கு ஷெங்கன் தனி. ஜப்பானுக்கு இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு இ-விசா இருக்கிறது. மலேசியாவுக்கு 2026 கடைசி வரை 30 நாளுக்கு விசா வேண்டாம்; வருகை அட்டையை மட்டும் ஆன்லைனில் நிரப்பவேண்டும்.

எனவே வரிசை இது: முதலில் அமெரிக்கா, அது கையில் வந்தபின் தேதி, அதன்பின் மற்ற விசாக்கள். ஏஜென்ட் அவசரப்படுத்தினாலும் அமெரிக்க விசாவுக்கு முன் உலகம் சுற்றும் டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். ஹோட்டலும் சேர்த்துத் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமானவரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் பணம் அதுவரை மாட்டிக்கிடக்கும். டிக்கெட் மட்டும் வாங்கினால் அது தொகுப்பு ஆகாது.

## கோல்டு கார்டின் கணக்கு

இங்கே இரண்டு பொருளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். செலவழிக்கிற மைல் ஒன்று. அதை வைத்து டிக்கெட் வாங்கலாம். ஸ்டேட்டஸுக்கான புள்ளி வேறொன்று. அது வருடத்துக்கு வருடம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். லவுஞ்சுக்குள் விடுவது இரண்டாவதுதான். ஒன்வேர்ல்டில் ரூபி, சஃபையர், எமரால்டு என்று மூன்று படி. எகானமி டிக்கெட்டோடும் லவுஞ்சுக்குள் நுழைய சஃபையர் வேண்டும். ஸ்டார் அலையன்ஸில் அதற்குச் சமம் ஸ்டார் கோல்டு.

உதாரணத்துக்கு, ஒன்வேர்ல்டிலேயே இருக்கும் அலாஸ்கா ஏர்லைன்ஸின் அட்மோஸ் ரிவார்ட்ஸ் திட்டம். பறந்த தூரத்தை வைத்துப் புள்ளி சேர்க்கும் வழி அதில் உண்டு. 20,000 புள்ளிக்கு சில்வர், அதாவது ரூபி. 40,000க்கு கோல்டு, அதாவது சஃபையர். நம் வட்டம் 21,750 மைல். முழுப் புள்ளி கிடைத்தால் சில்வரைத் தாண்டும், கோல்டுக்குப் பாதி வழி.

ஆனால் முழுப் புள்ளி கிடைப்பதில்லை. ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஓர் எழுத்து இருக்கும், புக்கிங் கிளாஸ். ஒன்வேர்ல்ட் எகானமி உலக டிக்கெட் பொதுவாக எல் வகுப்பு. எந்த விமானம், எந்தத் திட்டம் என்பதைப் பொறுத்து இந்த வகுப்புக்கு நூறு சதவீதமும் வரலாம், 25 சதவீதமும் வரலாம். எல்லா விமானத்திலும் 25தான் என்று வைத்தால் 5,400 சொச்சம். உலகத்தையே சுற்றிவிட்டு சில்வருக்குக்கூடப் பக்கத்தில் இல்லை.

பிசினஸ் வகுப்பு என்றால் பல திட்டங்களில் தூரத்தைவிடக் கூடுதலாகவே கொடுப்பார்கள். 150 சதவீதம் என்று வைத்தாலும் நம் ஏழு விமான வட்டம் 32,600. அனுமதித்த 16 விமானங்களில் இன்னும் சிலவற்றைச் சேர்த்தால் 40,000 வந்துவிடும். அதாவது, கார்டு வேண்டுமென்றால் பிசினஸ் வகுப்பில் நீண்ட வட்டம் போகவேண்டும். அதற்குக் கொடுக்கும் வித்தியாசத்தில் பல வருடம் லவுஞ்சுக்குக் காசு கொடுத்தே உள்ளே போகலாம்.

திட்டத்தின் வருடம் எப்போது தொடங்குகிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணுகிற திட்டத்தில் டிசம்பரில் கிளம்பி ஜனவரியில் திரும்பினால் புள்ளி இரண்டாக உடையும். பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு வருடம் ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. 2025 முதல் அவர்கள் தங்கள் விமானங்களுக்குத் தூரத்தை விட்டுச் செலவழித்த பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். பழைய வீடியோக்களை நம்பாதீர்கள் என்று ஜோடிக்கு நான் சொன்னது இதனால்தான். கத்தாரின் பிரிவிலேஜ் கிளப்பில் 12 மாதத்துக்குள் 300 கியூபாயின்ட் (அவர்களுடைய ஸ்டேட்டஸ் புள்ளி) சேர்ந்தால் கோல்டு, அதுவும் சஃபையர்தான்.

குளச்சல் தம்பியின் கதை வேறு. அவன் வருடத்துக்கு நான்கு முறை கம்பெனிச் செலவில் பறக்கிறான். டிக்கெட் காசு யாருடையது ஆனாலும் புள்ளி பறக்கிறவனுக்கே. ஆனால் இத்தனை வருடமும் ஒவ்வொரு கூட்டணியாக மாறி மாறிப் பறந்து, எந்தத் திட்டத்தின் உறுப்பினர் எண்ணையும் கொடுக்காமல் விட்டிருக்கிறான். கப்பல்காரர்களுக்கான சிறப்புக் கட்டண டிக்கெட்டில் பெட்டிக்கு எடை தாராளமாகக் கிடைக்கும், புள்ளி கஞ்சத்தனமாக இருக்கலாம். புக்கிங் கிளாஸ் எழுத்தைப் பார்த்துத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். கம்பெனி ஏஜென்ட்டிடம் முடிந்தவரை ஒரே கூட்டணியில் போடச் சொல்லிக் கேட்பதும் தப்பில்லை. சிலர் கேட்டால் செய்கிறார்கள்.

## ஒரே பார்வையில்

| | ஒன்வேர்ல்ட் வட்டம் | ஸ்டார் அலையன்ஸ் வட்டம் | துண்டு டிக்கெட் |
|---|---|---|---|
| திருவனந்தபுரத்தில் ஏறுவது | நேராக தோஹா, கொழும்பு, கோலாலம்பூர் | டெல்லி அல்லது மும்பை வழியாக | எதுவும் முடியும் |
| விலை எதை வைத்து | கண்டங்கள் | மொத்த மைல் | அன்றன்றைய விலை |
| விமானம் தவறினால் | அடுத்ததில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு | அதேபோல | நம் தலையில் |
| தேதி மாற்றம் | சுலபம் | சுலபம் | ஒவ்வொன்றுக்கும் அபராதம் |
| மறைசெலவு | வரிகள், ஊர் மாற்றக் கட்டணம் | உள்நாட்டு அலைச்சல், ஓட்டாத மைல் | பேக்கேஜ், ஹோட்டல், கூடுதல் விசா |
| யாருக்கு | ஐந்தாறு இடம், பெட்டியோடு | தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா ஆசை உள்ளவர்கள் | கைப்பை, நான்கு இடம், இளவயது |

## மூவருக்கும் சொன்னது

மார்த்தாண்டம் ஜோடிக்கு 25 நாளில் ஏழு ஊர் வேண்டாம் என்றேன். துண்டு டிக்கெட், நான்கு இடம், கார்டை மறந்துவிடுங்கள். கணவருக்கு முகம் வாடியது. மனைவிதான் "லவுஞ்சுல இட்லி கிடைக்குமா என்ன" என்று முடித்துவைத்தார்.

தம்பி இப்போது ஒன்வேர்ல்டில் ஒரே திட்டத்தில் எண் வாங்கியிருக்கிறான். அடுத்த காண்ட்ராக்ட் முடிந்து தோஹா வழியாக வரும்போது சஃபையருக்கு எவ்வளவு பாக்கி என்று கணக்குப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். உலகம் சுற்றும் ஆசை அவனுக்கும் உண்டு. கார்டு கைக்கு வந்தபின் சுற்றினால் வழியிலிருக்கும் கூட்டணி லவுஞ்சுகள் பெரும்பாலும் அவனுக்குத் திறக்கும். அவன் விஷயத்தில் கார்டு முந்தி, வட்டம் பிந்தி.

டீச்சருக்கு ஒன்வேர்ல்ட் மூன்று கண்ட வட்டம், எகானமி. நீண்ட விமானமான லாஸ் ஏஞ்சலஸ் – டோக்கியோவுக்கு மட்டும், காசு கொடுத்தாவது கால் நீட்டும் இருக்கையை எடுக்கச் சொன்னேன். அந்தக் கட்டத்தில் தேதிக் கோட்டைத் தாண்டுவதால் காலண்டரில் ஒரு நாள் காணாமல் போகும் என்றதும், "அது ஏகாதசியா இருக்காமப் பாத்துக்கணும்" என்றார். போன வாரம் சென்னை நேர்காணலுக்குத் தேதி கிடைத்திருக்கிறது. டிக்கெட் இன்னும் வாங்கவில்லை.